கடப்புறத்துப் பந்து
(தெற்கெல்லையின் கதை – 17)

சென்ற இதழை 1956 நவம்பர் 1-ஆம் தேதியில் நிறுத்தியிருந்தோம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது, அது கிடைக்கவில்லை. பாறசாலை, காரோடு, குளத்தூர், செங்கல் எல்லாம் கேரளத்தில் நின்றுவிட்டன. களியிக்காவிளைச் சந்தைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவே ஒரு மாநில எல்லை வந்து உட்கார்ந்தது. ஊரம்பில் சாலையின் இந்தப் பக்கத்துக் கடைக்காரர் ஒரு மாநிலத்துக்கும் அந்தப் பக்கத்துக் கடைக்காரர் இன்னொரு மாநிலத்துக்கும் வரி கட்டத் தொடங்கினார்கள்.

இந்த இதழில் அரசியலை விட்டுவிட்டு, அந்தக் கோடு கடலைத் தொடும் இடத்துக்குப் போவோம். வடக்கே பொழியூர், தெற்கே நீரோடி. பொழியூர் குளத்தூர் பஞ்சாயத்தில், நெய்யாற்றின்கரை தாலுகாவின் கடைசிக் கடற்கரை ஊர். நீரோடி தமிழ்நாட்டின் முதல் ஊர். நடுவில் மணல்தான். அந்த மணலில் ஒரு பந்து உருண்டுகொண்டே இருந்தது. அந்தப் பந்து யாரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று பார்த்தால், மாநிலப் பிரிவினையைப் பற்றி அரசிதழ்கள் சொல்லாத பலதும் தெரியவரும்.

முதலில் ஒரு விசித்திரம். மாநிலத்தைப் பிரித்தவர்கள் மறைமாவட்டத்தைப் பிரிக்கவில்லை. திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டம் 1937-இல் உருவானது. இன்றைக்கும் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்ற எட்டு ஊர்களும் அதன்கீழ்தான் இருக்கின்றன. வாக்குச்சீட்டு சென்னைக்கு, ஞானஸ்நானம் திருவனந்தபுரத்துக்கு! பெண் எடுப்பதும் கொடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. பங்குத் திருவிழாவுக்குக் கொடியேற்றினால் அதையொட்டி ஒரு கால்பந்துப் போட்டி இருக்கும். போட்டிக்கு வரும் அணிகளில் பாதி அடுத்த மாநிலத்து அணிகள். ஊர்க்காரனுக்கு அது அடுத்த பங்கு, அவ்வளவே.

இந்தக் கரையில் பந்து ஆடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆட்டத்தின் நேரத்தைத் தீர்மானிப்பது கடல். அலை இறங்கும்போது ஈரமணல் சிமென்ட் தரைபோல் இறுகிக் கிடக்கும். அதுதான் மைதானம். மேலே ஏறினால் கணுக்கால் புதையும் பொடிமணல். சிறுவர்களுக்கு ஒதுக்கப்படுவது அந்த மேல்மணல்தான், பெரியவர்கள் கீழே ஆடிக்கொண்டிருப்பார்கள். பொடிமணலில் பத்து வருஷம் ஓடியவனைப் புல்தரையில் விட்டால் அவன் கால் நிற்காது. துடுப்பு இரண்டை நட்டால் போஸ்ட். பழைய வலை இல்லாத வீடு கிடையாது, ஆகவே கோல்வலைக்குப் பஞ்சமில்லை. பூட்ஸ் பெரும்பாலும் கிடையாது. உப்புத்தண்ணீர் ஒரே மாதத்தில் தையலைப் பிரித்துவிடும் என்பதால் இருப்பவனும் பத்திரப்படுத்திவிடுவான். கரமடி இழுத்து முடிந்து மீன் பங்கு வைத்த பிறகுதான் ஆட்டம். நடுவில் வள்ளம் கரையேறினால் ஆட்டம் நிற்கும், இரு அணியும் சேர்ந்து வள்ளத்தைத் தள்ளிவிட்டு வந்து திரும்பத் தொடங்கும். "லேய் மக்கா, சவுட்டுலே!" என்ற கூச்சல் கரையின் இரண்டு பக்கமும் ஒரே ஓசையில்தான் கேட்கும். பாறசாலைக்காரர் அதை மலையாளம் என்பார், மார்த்தாண்டத்துக்காரர் தமிழ் என்பார்.

கோடு உண்மையில் குறுக்கே விழுந்தது கல்லூரியில்.

திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் 1937 நவம்பரில் பிறந்தபோது, நாகர்கோவிலில் படித்த பையனுக்கும் திருவனந்தபுரத்தில் படித்த பையனுக்கும் ஒரே பல்கலைக்கழக அணிதான் கனவு. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, 1893-இல் கல்லூரியான லண்டன் மிஷன் நிறுவனம், அந்த வட்டத்துக்குள் இருந்தது. 1956-க்குப் பிறகு தெற்கே உள்ள கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும், பின்னர் 1966-இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகத்துக்கும், 1990-இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கும் என்று கைமாறிக்கொண்டே போயின. வடக்கே தனுவச்சபுரத்திலும் காட்டாக்கடையிலும் 1960-களில் வந்த கல்லூரிகள் கேரளப் பல்கலைக்கழகத்தோடு நின்றன. விளைவு, நேற்று சாயங்காலம் ஒரே மணலில் ஒரே அணிக்கு ஆடிய இருவர் கல்லூரிக்குப் போனதும் இருவேறு பல்கலைக்கழகங்களின் சட்டை போட்டார்கள். ஒருவனுக்கு ஆட்டம் பார்க்க வரும் தேர்வாளர் திருவனந்தபுரத்திலிருந்து, மற்றவனுக்கு மதுரையிலிருந்து.

கல்லூரி அணி என்பதை இன்றைய தலைமுறை இலேசாக எடுத்துக்கொள்ளக்கூடும். தொழில்முறை லீக் எதுவும் இல்லாத அந்த நாட்களில் கல்லூரி அணிதான் வாசல். அங்கிருந்து பல்கலைக்கழக அணி. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான அசுதோஷ் கோப்பை. அதில் கண்ணில் பட்டால் ஒரு கம்பெனி அணி. 1971-இல் விக்டர் மஞ்சிலா என்ற கோலியின் தலைமையில் காலிகட் பல்கலைக்கழகம் அசுதோஷ் கோப்பையை வென்றது. மஞ்சிலா அடுத்த இரண்டாண்டில் கேரள அணியில் இருந்தார். கேரளத்தின் கலைக்கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீடு என்று தனி இடங்கள் உண்டு. மதிப்பெண் குறைந்த மீனவப் பிள்ளை பட்டப்படிப்புக்குள் நுழைய அந்தச் சந்து போதுமானதாக இருந்தது. வகுப்புக்கு எத்தனை நாள் போனான் என்று கேட்காதீர்கள்.

தமிழ்நாட்டுப் பக்கத்துக் கரைக்கு அந்த வாசல் தாமதமாகத்தான் திறந்தது. 1980-களில் தூத்தூரில் புனித யூதா கல்லூரி வந்தது. இதைவிட எல்லைத்தன்மை கொண்ட கல்லூரி இந்தியாவில் இருக்குமா தெரியவில்லை: நடத்துவது கேரளத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மறைமாவட்டம், நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பட்டம் தருவது திருநெல்வேலிப் பல்கலைக்கழகம். சுறாவைத் தேடி ஆழ்கடலுக்குப் போகும் குடும்பங்களில் முதல் பட்டதாரிகள் பலர் அங்கிருந்துதான் வந்தார்கள். பந்தும் கூடவே வந்தது, வராமல் எப்படி இருக்கும்?

இனி கதையின் நடுப்பகுதி. 1973 டிசம்பர் 27. எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானம். தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையின் இறுதியாட்டத்தில் கேரளம் ரயில்வேஸை 3-2 என்று வென்றது. மூன்று கோலும் கேப்டன் மணி அடித்தது. 1941 முதல் நடந்துவரும் போட்டியில் கேரளத்துக்கு அதுதான் முதல் வெற்றி. மறுநாள் மாநிலத்துக்கே விடுமுறை விட்டார்கள். அந்த விடுமுறையைப் பற்றி எழுதியவர்கள் பலர். அதன்பின் வந்ததைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. மாநில அணிக்கு ஆடினால் அரசுத் துறையிலோ பொதுத்துறையிலோ வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை கேரளத்தில் ஊன்றிப்போனது.

அதற்கு அடித்தளம் முன்பே இருந்தது. கோதவர்ம ராஜா, அதாவது ஜி.வி.ராஜா, 1954-இல் திருவிதாங்கூர்-கொச்சியில் விளையாட்டுக் கவுன்சிலைத் தொடங்கியிருந்தார். 1956-இல் திருவனந்தபுரத்தில் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம் திறந்தது. வேளிக் கடற்கரையில் திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலைக்கு ஓர் அணி. ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூருக்கு ஓர் அணி. மின்வாரியத்துக்கு ஒன்று, கணக்காயர் அலுவலகத்துக்கு ஒன்று. 1980-களில் கேரள போலீஸ் அணி திரண்டு, 1990-இலும் 1991-இலும் ஃபெடரேஷன் கோப்பையை அடித்துக்கொண்டு போனது, வி.பி.சத்யனும் ஐ.எம்.விஜயனும் காக்கிச்சட்டைக்காரர்களாக இருந்தவர்கள்தாம். பொழியூரிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 35 கிலோமீட்டர். காலை பயிற்சிக்குப் போய்விட்டு மாலை வலை உலர்த்த வந்துவிடலாம். 1979-இல் கன்னியாகுமரி ரயில் பாதை திறந்த பிறகு பாறசாலையில் ஏறினால் திருவனந்தபுரத்துத் தம்பானூர் நிலையம் இன்னும் பக்கம்.

தெற்கே பாருங்கள். தமிழ்நாட்டின் அலுவலக அணிகள், அதாவது ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, தென்னக ரயில்வே, எல்லாம் சென்னையில். தூத்தூரிலிருந்து 700 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே தங்கி ஆட இடம் வேண்டும், தெரிந்தவர் வேண்டும், ஊரில் ஒரு வள்ளத்தில் ஒரு கை குறையும். இந்தியாவில் கால்பந்து ஊர்களைப் பற்றி எழுதும்போது ரத்தத்தில் ஊறியது, அலை சொல்லிக்கொடுத்தது என்று எழுதுவது வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ரத்தமும் அலையும் கோட்டின் இரண்டு பக்கமும் ஒன்றுதான். சந்தோஷ் கோப்பை வீரர்களின் ஊர் என்று பொழியூருக்குப் பெயர் வந்து, பக்கத்துக் கரைக்கு அந்தப் பெயர் வராமல் போனதற்குக் காரணம் 35 கிலோமீட்டருக்கும் 700 கிலோமீட்டருக்கும் உள்ள வித்தியாசம். மாதச் சம்பளம் எட்டும் தூரத்தில் இருந்த கரையில் ஆட்டக்காரர்கள் பெருகினார்கள்.

இதைப் புரிந்துகொள்ளப் பொழியூர்ப் பக்கத்து வீடுகளின் சுவரைப் பார்த்தால் போதும். திருஇருதயப் படத்துக்குக் கீழே சட்டமிட்ட குழுப்படம். ஸ்டுடியோக்காரர் எடுத்தது. பின்வரிசை கைகட்டி நிற்கும், நடுவரிசை நாற்காலியில், முன்வரிசை சம்மணம். நடுவில் பந்து, பந்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஆண்டு. கறுப்பு வெள்ளைப் படங்களில் சட்டைக்கு நிறம் தெரியாது, ஆனால் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார், இது காலேஜ், இது யூனிவர்சிட்டி, இது ஸ்டேட். படத்துக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகச் சான்றிதழ், பூச்சி அரித்த ஓரத்தோடு. கண்ணாடி அலமாரியில் பித்தளை தேய்ந்த கோப்பைகள். அவற்றில் பாதி 'சிறந்த பின்களம்' வகையறா, தந்தவர் பெயர் அழிந்தது. பாலித்தீன் உறையில் மடித்த மாநில ஜெர்சி. அதை யாரும் போடுவதில்லை, துவைப்பதும் இல்லை. பல வீடுகளில் இவற்றைவிடக் கவனமாக வைத்திருப்பது வேலை நியமன உத்தரவை. அது சுவரில் தொங்காது. பெட்டிக்குள், பத்திரத்தோடு இருக்கும்.

அருங்காட்சியகம் என்று ஒன்று இங்கே கிடையாது. கிளப் ரூமும் பங்கு மண்டபமும்தான். கோப்பையைத் துடைத்து வைக்கும் பையன் அடுத்த வருஷம் வளைகுடாவுக்குப் போய்விடுவான், சாவி இன்னொருவனிடம். பெயரெழுதாத படங்களில் யார் யார் என்று சொல்லக்கூடிய தலைமுறை எழுபது வயதைத் தாண்டிவிட்டது. கேரள விளையாட்டு வரலாற்றை எழுதும் யாராவது ஒரு ஸ்கேனரோடு பூவாரிலிருந்து தூத்தூர் வரை நடந்தால் நல்லது. சீக்கிரம் நடந்தால் இன்னும் நல்லது.

2017-க்கு வருவோம். அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் என்ற பெயரே இல்லாமல் போனது. பாரத ஸ்டேட் வங்கியோடு இணைப்பு. கரைக்காரர்களுக்கு அது வங்கிச் செய்தியாகத் தெரியவில்லை. நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வந்தது. முன்னெச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. பூந்துறை, விழிஞ்ஞம், பொழியூர், வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று கோட்டின் இரு பக்கமும் ஒரே ஒப்பாரி. குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்த மக்களும் திருவனந்தபுரத்தில் ஊர்வலம் போன மக்களும் ஒருவருக்கொருவர் உறவுக்காரர்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் தொங்கவிடாத வீடுகள் அதிகம்.

புயலுக்கு நான்கு மாதம் கழித்து, 2018 ஏப்ரல் 1, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். சதீவன் பாலன் பயிற்சியாளர், ராகுல் வி.ராஜ் கேப்டன், பொழியூர்க்காரர் சீசன் துணைக் கேப்டன். பொழியூர் லிஜோவும் அணியில். இருவரும் ஸ்டேட் வங்கி அணியின் பிள்ளைகள். வங்காளத்தின் சொந்த மண்ணில் வங்காளத்தோடு கேரளத்துக்குச் சந்தோஷ் கோப்பை இறுதியாட்டம். 19-ஆவது நிமிடம் ஜிதின் அடித்தார், 68-இல் வங்காளம் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் 117-இல் விபின் தாமஸ் அடிக்க, ஆட்டம் முடிந்தது என்று நினைத்தபோது கடைசி மூச்சில் ஒரு ஃப்ரீ கிக், மறுபடி சமன். பெனால்டியில் கோலி மிதுன் இரண்டைத் தடுத்தார். 4-2. பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு கோப்பை. பொழியூரில் அன்றிரவு வெடித்த பட்டாசு நீரோடியில் கேட்காமல் இருக்க வழியே இல்லை. கேரள அரசு வீரர்களுக்குப் பரிசுத்தொகையும், நிரந்தர வேலை இல்லாத 11 பேருக்கு அரசு வேலையும் அறிவித்தது. மேலே சொன்ன நம்பிக்கை 45 ஆண்டு கழித்தும் செல்லுபடியானது.

மறு ஆண்டு சீசனே கேப்டன். தகுதிச்சுற்று நெய்வேலியில். நடப்புச் சாம்பியன் ஒரு கோல்கூட அடிக்காமல் வெளியேறியது. பந்து அப்படித்தான். அந்தத் தோல்வியைப் பற்றிக் கடப்புறத்தில் இப்போதும் பேசுவதில்லை, பேசினால் பேச்சு மாறிவிடும்.

தெற்குக் கரைக்கு ஏணி வேறு வழியில் வந்தது. இந்தியன் சூப்பர் லீக்கும் ஐ-லீகும் தனியார் கிளப்புகளும் வந்தபோது அலுவலக வேலை என்ற இடைப்படி தேவைப்படவில்லை. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் தெரியவந்து, ஜாம்ஷெட்பூர் போய், 2019 ஜூனில் தாய்லாந்தில் குராசாவ் அணிக்கு எதிராக இந்தியச் சட்டை போட்டார். அடுத்த ஆண்டு ஏ.டி.கே. அணியோடு சூப்பர் லீக் பட்டம். வடக்கே வெட்டுக்காட்டு ஜோபி ஜஸ்டின் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், 2018-19 ஐ-லீகில் 9 கோல் அடித்தார், மோகன் பகானுக்கு எதிரான ஆட்டங்களிலும் விடவில்லை. ஒருவர் தமிழ்நாட்டு வீரர், மற்றவர் கேரள வீரர் என்று பத்திரிகைகள் எழுதின. இருவரின் திருமுழுக்கும் ஒரே மறைமாவட்டத்துக் கணக்கு.

இந்த இடத்தில் ரசிகனின் பாடு சுவாரசியமானது. பாறசாலையிலும் உச்சக்கடையிலும் சூப்பர் லீக் நாட்களில் மஞ்சள் சட்டைதான், கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் நிறம். களியிக்காவிளை தாண்டினால் மஞ்சளும் சென்னையின் நீலமும் ஒரே டீக்கடையில் உட்காரும். 2020 நவம்பர் 20, கொரோனா காலம், கோவாவில் ஆளில்லாத மைதானம். சூப்பர் லீக் தொடரின் முதல் ஆட்டம், கேரளா பிளாஸ்டர்ஸும் ஏ.டி.கே. மோகன் பகானும். முதல் பாதியிலேயே சூசைராஜின் முழங்கால் போனது. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு டிவி பார்த்தவர்கள், எதிரணியில் காயம்பட்டு விழுந்தவன் அடுத்த ஊர்ப் பையன் என்று தலையில் கைவைத்த கரை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

உலகக் கோப்பை வந்தால் இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அர்ஜென்டினா, பிரேசில், இரண்டே கட்சி. 2022-இல் கோழிக்கோட்டுப் புல்லாவூரில் ஆற்றுக்குள் நட்ட மெஸ்ஸி, நெய்மர், ரொனால்டோ கட்அவுட்டுகள் உலகச் செய்தியாயின. மலபாரில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்துக்கு மூங்கில் கேலரி கட்டிப் பல்லாயிரம் பேர் டிக்கெட் வாங்குவார்கள். தெற்குக் கரையில் அந்த அளவு பணம் இல்லை, கேமராவும் வருவதில்லை. இங்கே வள்ளத்தின் அணியத்தில் வெள்ளையும் நீலமும் அடிப்பார்கள். மோட்டார் கூண்டில் பத்தாம் எண். பெயின்ட் உரியும்வரை அது மீன்பிடிக்கப் போய்வரும். கோஷ்டி மாறினவன் பெயின்டை மாற்றவேண்டும், அது செலவு, ஆகவே கட்சி மாறுபவர்கள் குறைவு.

திருவிழாப் போட்டியின் உயிர் அறிவிப்பாளர். மைக்கைப் பிடித்தால் ஒரே வாக்கியத்தில் மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். நடுவில் நன்கொடை தந்தவர் பெயர், காணாமல்போன குழந்தை, கோல். பெண்கள் கூட்டம் ஒரு காலத்தில் கோயில் திண்ணையிலிருந்து பார்க்கும், இப்போது டச் லைனில் நின்று ரெஃப்ரியை ஏசுகிறது. ஏச்சின் தரம் ஆண்களுடையதைவிட மேல்.

கடைசியாக மைதானத்தைப் பற்றி. கடலரிப்பு பொழியூர்க் கரையை ஆண்டுதோறும் தின்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் தூண்டில் வளைவுகள் கட்டிய பிறகுதான் இந்த நிலை என்பது பொழியூர்க்காரர்களின் நெடுநாள் புகார். கரையோரம் நகரும் மணலைக் கல்வரிசை ஒரு பக்கம் பிடித்துவைத்தால் மறுபக்கம் அது குறையும், இது கடலின் கணக்கு. ஆனால் ஒரு மாநிலம் கட்டிய கல்லுக்கு அடுத்த மாநிலம் என்ன செய்வது? வீடுகள் போயின, சாலை போனது, பந்தாடிய மணலும் போனது. பங்கு எல்லை தாண்டிப் போனது, கல்யாணம் தாண்டிப் போனது; மணல் மட்டும் 1956-ஆம் ஆண்டுக் கோட்டில் வந்து நிற்கிறது. பையன்கள் இப்போது உள்ளே தள்ளி, பள்ளிக்கூட மைதானங்களில் நேரம் பங்குபோட்டுப் பயிற்சி எடுக்கிறார்கள்.

அடுத்த இதழில், பொழியூரை ஒட்டியே போகும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் படகு விடலாம் என்று 1860-இல் வெட்டத் தொடங்கியது, இன்று எங்கெங்கே தூர்ந்து கிடக்கிறது, யார் யார் அதன்மேல் வீடு கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

(தொடரும்)